எண்ணெய் போய்ச் சேரும் நேரம்

பிரேக்கை மிதித்தபடி லிவரை 'என்'னிலிருந்து 'டி'க்கு இழுத்தால், ஆட்டோமேட்டிக் கார் லேசாக ஒரு குலுங்கு குலுங்கும். கியர் விழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். லிவர் நகர்ந்ததற்கும் குலுக்கல் வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகலாம்? டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பல மாடல்களுக்கு இதற்கு எண்ணே தருகின்றன: 'டி'க்கு 1.2 வினாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள். அளக்கும்போது கியர் எண்ணெய் 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே ஒரு நிமிடம் விட வேண்டும். மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

ஆனால் "கியர் லேட்டா விழுது" என்று ஒர்க்ஷாப்புக்குப் போகிறவர்களில் இதை அளந்துகொண்டு போகிறவர்கள் அரிது. அளக்கச் சொல்லும் மெக்கானிக்கும் அரிது. நேரே கியர் பாக்ஸை இறக்குவதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை சில வண்டிகளுக்கு வரும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் தாமதம் எங்கே, எப்போது நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அந்த இரண்டும் தெரிந்தால் பெட்டியைத் திறக்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

மேனுவல் வண்டியில் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதை வலம்வரும் சிறு சக்கரங்கள், வெளியே உட்புறம் பல்வைத்த ஒரு வளையம்: இதுதான் பிளானட்டரி கியர். இந்தச் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். கியர் மாற்ற எதையும் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதிலேயே விகிதம் மாறிவிடும். பிடிப்பதற்கு அடுக்கடுக்கான கிளட்ச் தட்டுகள் உண்டு. உராய்வுப் பொருள் ஒட்டிய ஒரு தட்டு, வெறும் எஃகுத் தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கி, எண்ணெயில் நனைய வைத்திருப்பார்கள். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் 2009-இல் பி.எம்.டபிள்யூ. காரில் கொண்டுவந்த எட்டு கியர் பெட்டியில் இப்படிப் பிடிக்கும் உறுப்புகள் மொத்தமே ஐந்துதான். எந்த கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். ஐந்தை வைத்து எட்டு முன்கியரும் ஒரு ரிவர்ஸும் எடுத்த அந்தக் கணக்கு அழகானது.

ஆக, கியர் விழுவது என்றால் ஒரு கிளட்ச் அடுக்கு இறுகுவது. அது இறுக வேண்டுமானால் அதன் பின்னால் உள்ள பிஸ்டனை எண்ணெய் தள்ள வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பம்பு அடித்தொட்டியிலிருந்து பில்டர் வழியாக எண்ணெயை உறிஞ்சுகிறது. வால்வு பாடி என்ற அலுமினியக் கட்டியில் குடைந்த வளைவு நெளிவான கால்வாய்களுக்குள் அது பாய்கிறது. சோலனாய்டு என்ற மின்வால்வு வழிவிட, பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள அறை நிரம்புகிறது. பிஸ்டன் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்து தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியைத் தின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் அழுத்தம் ஏறி, தட்டுகள் ஒன்றையொன்று கவ்வுகின்றன. கையேடு சொல்லும் 1.2 வினாடியில் பெரும்பங்கு அந்த அறை நிரம்பும் நேரமே. ரிவர்ஸுக்குக் கூடுதல் நேரம் தந்திருப்பதும் அதனால்தான். அங்கே நிரம்ப வேண்டிய இடம் பெரிது. ஒரு நிமிடம் இடைவெளி விடச் சொல்வது, முந்தைய முறை நிரம்பிய எண்ணெய் முழுக்க வடிந்து போவதற்காக.

பம்பு இன்ஜினோடு கட்டுண்டது என்பதால் இன்னொன்றும் புரியும். பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் காரை நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் ஓடவில்லை என்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லை என்றால் கிளட்ச் இல்லை. 1960-களின் நடுப்பகுதிவரை சில அமெரிக்கக் கார்களில் சக்கரப் பக்கத்திலிருந்து ஓடும் இரண்டாவது பம்பு ஒன்று இருந்தது. அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிந்தது.

இனி, எங்கே தாமதம் என்ற கேள்வி. ஒரே புகாரின் பெயரில் மூன்று வேறு நோய்கள் வந்து நிற்கும். நின்ற வண்டியில் 'டி' போட்டதும் பிடிக்காமல் இருப்பது ஒன்று. ஓடும்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல், இன்ஜின் கத்திக்கொண்டே போவது இன்னொன்று. ஏறும்போது நடுவில் ஒரு கணம் எதிலும் இல்லாமல் ஆர்.பி.எம். முள் மேலே துள்ளி, பிறகு பிடிப்பது மூன்றாவது. "வண்டி ரேஸ் ஆகுது, நகர மாட்டேங்குது" என்று மூன்றுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது நோயை முதலில் பார்த்துவிடலாம். அதன் காரணம் பல சமயம் கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது.

எப்போது கியர் ஏற வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்ததும் எண்ணெய்தான். ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்சன் தலைமையிலான குழு உருவாக்கிய ஹைட்ரா-மேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு வந்தது. முழு ஆட்டோமேட்டிக் என்று சொல்லத்தக்க விதத்தில் பெருமளவில் தயாரான முதல் கியர் பாக்ஸ் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளிலும் ஓடியது. அதில் கணினி ஏது? வண்டியின் வேகத்துக்கேற்ப ஏறும் ஓர் அழுத்தம், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப ஏறும் இன்னோர் அழுத்தம், இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் எதிரெதிராகத் தள்ளும். வேகத்தின் அழுத்தம் வென்றால் கியர் ஏறும். காலை அழுத்தி மிதித்தால் எதிர் அழுத்தம் கூடி, இன்னும் அதிக வேகம் வந்த பிறகே ஏறும். மேடேறும்போது கியர் தானாகக் காத்திருந்ததன் ரகசியம் இவ்வளவுதான். இயற்பியல் படித்தவர்களுக்கு இதைவிட இன்பமான இயந்திரம் குறைவு என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாட்டில் "ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது" என்ற செய்தி தவறாக வந்தால் பெட்டி நன்றாக இருந்தும் கியர் தாமதமாகவே ஏறும். 1960, 70-களின் டர்போ ஹைட்ரா-மேட்டிக் பெட்டிகளில் இந்தச் செய்தியை இன்ஜினின் உறிஞ்சுகுழாயிலிருந்து வரும் ஒரு ரப்பர் டியூப் சுமந்தது. அந்த டியூப் வெடித்தாலோ கழன்றாலோ, கால் முழுக்க மிதிபட்டிருக்கிறது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். கியர் தாமதமாக, அதுவும் அடித்தாற்போல் ஏறும். டியூபின் மறுமுனையில் இருந்த சவ்வு கிழிந்தால் கூத்து இன்னும் பெரிது: இன்ஜின் அந்தக் குழாய் வழியாகக் கியர் எண்ணெயையே உறிஞ்சி எரித்துவிடும். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இருக்காது, எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே போகும், சைலன்சரில் புகை வரும்.

1980-களில் டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தத் தீர்மானத்தைக் கணினியிடம் கொடுக்கத் தொடங்கின. டியூப் போனது, சென்சார் வந்தது. நோயின் தன்மை மாறவில்லை. திராட்டில் நிலையைச் சொல்லும் சென்சாரோ, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரோ பொய் சொன்னால் கியர் தாமதமாகத்தான் ஏறும். ஆகவே ஏறும்போது மட்டும் தாமதம், 'டி' போட்டால் சரியாகப் பிடிக்கிறது என்றால் முதலில் ஸ்கேனரை மாட்டி இன்ஜின் பக்கத்தைப் பார்ப்பதே முறை. நோயே இல்லாத தாமதமும் உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில், சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க, பல கார்களின் கணினி வேண்டுமென்றே கியரைத் தாமதமாக ஏற்றும். சூடானதும் சரியாகிவிட்டால் அதற்காகச் செலவு செய்ய ஒன்றுமில்லை.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகைக்கும் இங்கே சொல்வதற்கும் சம்பந்தம் குறைவு. அது மேனுவல் கியர் பாக்ஸ்தான்; கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. கிளட்ச் விட்டுப் பிடிக்கும் நேரத்தில் இன்ஜினின் இழுவை அறுபடுவதால் தலை ஒருமுறை முன்னே ஆடும். அது அதன் பிறவிக்குணம்.

இப்போது முதல் நோய்க்கு வருவோம்; இதில் எண்ணெய், அழுத்தம், கிளட்ச் பற்றிச் சொல்வது மூன்றாவதற்கும் பொருந்தும். 'டி', 'ஆர்' இரண்டிலும் தாமதமா, ஒன்றில் மட்டுமா? இரண்டிலும் என்றால் இரண்டுக்கும் பொதுவானவற்றில் கோளாறு: எண்ணெயின் அளவு, பில்டர், பம்பு, மொத்த அழுத்தம். ஒன்றில் மட்டும் என்றால் பம்பு தப்பித்தது. அந்த கியருக்குரிய கிளட்சிலோ அதற்குப் போகும் வழியிலோ பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தப் பிரிப்பு, கியர் பாக்ஸை இறக்கும் பல நாள் வேலையைத் தவிர்க்கக்கூடும்.

எண்ணெயின் அளவைப் பார்ப்பதிலேயே தவறு நடக்கிறது. எண்ணெய் சூட்டில் விரியும். 8 லிட்டர் எண்ணெய் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெருகிவிடும். குளிர்ந்த வண்டியில் கேஜ் கம்பியை இழுத்துப் பார்த்து 'குறைகிறது' என்று ஊற்றினால், சூடானதும் அது அளவு மீறும். மீறினால் சுழலும் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். குறைந்தாலும் கேடுதான், பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். இரண்டு வழியிலும் கிளட்சுக்குப் போவது காற்று கலந்த எண்ணெய். எண்ணெயை அமுக்கிச் சுருக்குவது கடினம், காற்று சுருங்கிக்கொடுக்கும். பம்பின் உழைப்பு குமிழிகளைச் சுருக்குவதில் போய், பிஸ்டன் தாமதமாக நகரும். டொயோட்டாவில் பழைய வகைகளுக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, 'பி'யில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். பல புதிய பெட்டிகளில் கேஜ் கம்பியே கிடையாது. ஸ்கேனரில் எண்ணெயின் சூட்டைப் பார்த்து, சொன்ன டிகிரியில் அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து, வழிவது சொட்டாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். வண்டியின் கையேட்டைத் திறக்காமல் இதில் யாரும் கைவைக்கக் கூடாது.

அளவு சரி என்றால், என்ன எண்ணெய்? இங்கே ஒரு திமிங்கலம் குறுக்கே வருகிறது. இந்த எண்ணெய் ஒரே நேரத்தில் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். சக்கரங்களுக்கு வழுக்கல், கிளட்ச் தட்டுகளுக்கு, அதிராமல் மென்மையாக இறுகும் அளவான உராய்வு. அந்த அளவைத் தருவதற்கு உலோகத்தில் ஒரு முனை ஒட்டிக்கொண்டு மறுமுனை நிமிர்ந்து நிற்கும் நீண்ட மூலக்கூறுகள் தேவை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயில் உள்ள மெழுகுப் பொருள்கள் சூட்டையும் தாங்கி இந்த வேலையைச் செம்மையாகச் செய்தன. பல ஆண்டுகள் அமெரிக்கக் கார்களின் கியர் எண்ணெயில் அது கலந்திருந்தது. 1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்ததும் அந்த வரத்து நின்றது. வேதியியலாளர்கள் அவசர அவசரமாக மாற்று தேட வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான்-2 அந்த நெருக்கடியில் பிறந்தது. இன்று அந்த மூலக்கூறுகளை ஆலையிலேயே செய்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கிளட்ச் தட்டுக்கேற்ற உராய்வைக் கேட்டு வாங்குவதால், "எல்லாம் சிவப்பு ஆயில்தானே" என்று கையில் கிடைத்ததை ஊற்றுவது ஆபத்து. நிறம் வெறும் சாயம். ஒழுகினால் இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று அடையாளம் காணப் போடுவது.

நாளாக ஆக அந்த மூலக்கூறுகள் சூட்டில் சிதைகின்றன. சாயம் பழுப்பாகிறது, கருகிய வாடை ஏறுகிறது, தட்டுகள் தேய்ந்த பொடி எண்ணெயில் மிதக்கிறது. "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சில கார் நிறுவனங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை. பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. "ஆயில் மாத்தினா கியர் பாக்ஸ் போயிடும்" என்ற பேச்சுக்கும் ஒரு விளக்கம் உண்டு: பெரும்பாலானவர்கள் பெட்டி சாகக் கிடக்கும்போதுதான் மாற்றப் போகிறார்கள். அது செத்த பிறகு பழி எண்ணெயின் மேல் விழுகிறது.

அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வராது; இன்ஜினையும் கியர் பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். 10 லிட்டரில் 4 லிட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை இறக்கி ஊற்றினால் 40 சதவீதம் புதிது. சில நாள் ஓட்டி மறுபடி செய்தால் 64. மூன்றாம் முறை 78. மெஷின் வைத்து அழுத்தமாக அலசுவதைவிட, கறுத்துப்போன பழைய பெட்டிக்கு இந்தப் பொறுமையான வழியே நல்லது என்பது என் கருத்து. தொட்டியைக் கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் நைசான பசை இருந்தால் இயல்பு. கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில்கள் இருந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை. பில்டரையும் அப்போதே மாற்றிவிடுவது உத்தமம்.

எண்ணெயும் அளவும் சரி, தாமதம் போகவில்லை. இப்போது 'எப்போது' என்று கேட்க வேண்டும்.

காலையில் முதல் முறை மட்டும் மூன்று நான்கு வினாடி இழுக்கிறது, ஓடிச் சூடான பிறகு சரியாகிவிடுகிறது என்றால் சந்தேகம் ரப்பர் சீல்கள் மேல். பிஸ்டனின் விளிம்பைச் சுற்றியுள்ள சீல், ஆண்டுக்கணக்கில் சூடேறி இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். குளிரில் சுவரோடு ஒட்டாமல் நிற்கும்; எண்ணெய் அதன் ஓரமாகத் தப்பிவிடும். சூடேறினால் சற்று இளகி ஒட்டிக்கொள்ளும். இரவில் டார்க் கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் தொட்டிக்கு வடிந்துவிடுவதும் இதே அறிகுறியைக் காட்டும். வாஷர் தேய்ந்த அடிபம்பில் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் தண்ணீர் ஏறும் அல்லவா, அதே கதைதான். வடிந்த இடம் நிரம்பும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கிறது. சீலை ஊதவைக்கும் மருந்து டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன. சில வண்டிகளில் சில மாதம் வேலை செய்யும். அந்த மாதங்களில் பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்மாறாக, காலையில் நன்றாக இருந்து, நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு தாமதம் தொடங்கினால் விஷயம் கனமானது. சூடான எண்ணெய் நீர்த்துப்போகும். தேய்ந்த இடுக்குகள் வழியாகக் கசியும். பம்பின் பக்கங்கள் தேய்ந்திருக்கலாம். வால்வு பாடியில் எஃகு வால்வுகள் ஓடியோடி, அலுமினியத் துளை அகன்றிருக்கலாம். அங்கே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான். அது இரட்டித்தாலே அழுத்தம் நிற்காது. இதை ஊகிக்க வேண்டியதில்லை. பெட்டியில் அதற்கென்றே உள்ள துளையில் அழுத்தமானியை மாட்டினால் தெரிந்துவிடும். ஐடிலில் ஏறத்தாழ 4 பார் காட்ட வேண்டியது, சூடாக ஆக இறங்கிக்கொண்டே போனால் தீர்ப்பு எழுதியாயிற்று.

நடுவில் ஒரு மலிவான சாத்தியம் உண்டு: சோலனாய்டு. டொயோட்டாவின் பல பெட்டிகளில் கியர் மாற்றும் சோலனாய்டின் மின்தடை 11 முதல் 15 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் சரியாகக் காட்டியும் உள்ளே அழுக்கு சிக்கி மெதுவாகத் திறப்பது உண்டு. தொட்டியைக் கழற்றினாலே பெரும்பாலான வண்டிகளில் கைக்கு எட்டிவிடும் உறுப்பு இது. வால்வு பாடியைக்கூடப் பல மாடல்களில் பெட்டியை இறக்காமலே மாற்றலாம். அகன்ற துளையைச் சீர்செய்து சற்றுப் பெரிய வால்வு போடும் தொழிலும் வளர்ந்திருக்கிறது. கிளட்ச் தட்டோ பிஸ்டன் சீலோ பம்போ போயிருந்தால் மட்டுமே பெட்டி கீழே இறங்க வேண்டும்.

இறங்கும் நாள்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 'டி' போட்டுக் குலுக்கல் வரும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது. பாதி இறுகிய தட்டுகள் மேல் இன்ஜின் முழு வேகத்தில் சுழல்வதுதான் அவற்றைக் கருக்குகிறது.

பழுது பார்த்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பலர் மறக்கும் வேலை. கணினி ஒவ்வொரு கியரும் பிடிக்க ஆன நேரத்தை, தண்டுகளின் சுழற்சி வேகத்தைக் கொண்டு கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. தட்டு தேய்ந்து இடைவெளி கூடினால், அடுத்த முறை அறையைக் கொஞ்சம் அதிக நேரம் நிரப்புகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் தேய்மானத்தை மறைத்துவந்து, இனி ஈடுகட்ட முடியாது என்ற எல்லையில்தான் விளக்கை எரியவிடுகிறது. நமக்குத் தாமதம் தெரியத் தொடங்குவதும் அந்த எல்லைக்கு அருகேதான். புதிய தட்டுகளைப் போட்ட பிறகும் அது பழைய தேய்மானத்துக்கான கணக்கையே வைத்திருந்தால், அளவுக்கு மீறி நிரப்பி கியரை முட்டி முட்டிப் போடும். ஆகவே ஸ்கேனர் வழியாகக் கற்றதை அழித்து, நிறுவனம் சொல்லும் முறைப்படி நிதானமான காலில் ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அதுவரை கியர்கள் சில தடவை கரடுமுரடாக விழும். அதற்காக வண்டியைத் திரும்ப ஒர்க்ஷாப்பில் விட வேண்டியதில்லை.